செங்கோண முக்கோணக் கணக்கு: கைடில் 4.5, டியூஷனில் 2 அல்லது 4. எது சரி?

மதுரைமல்லி | ஞாயிறு, இரவு 8.50

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆயத்தொலை வடிவியலில் ஒரு கணக்கு வீட்டில் சண்டை மூட்டிக்கொண்டிருக்கிறது. போனில் தமிழில்தான் தட்டுகிறேன், அதனால் புள்ளிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். தெரியாத எண்ணுக்கு க.

கேள்வி: அ(1, 2), ஆ(5, 4), இ(க, 5) ஆகியவை ஒரு செங்கோண முக்கோணத்தின் முனைகள் எனில் க-வின் மதிப்பைக் காண்க.

கைடில் விடை 4.5. டியூஷனில் 2 அல்லது 4 என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகள் தானாகச் செய்து −0.5 என்று கொண்டு வந்து நிற்கிறாள். எந்த விடையைப் போட்டுப் பார்த்தாலும் எங்கேயோ ஒரு இடத்தில் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வருகிறது. நான் பி.காம். எனக்கு இதற்கு மேல் ஓடவில்லை. யாராவது தீர்த்து வையுங்கள்.


சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9.15

நான்குமே சரி அம்மா. கேள்விதான் பாதியில் நிற்கிறது. செங்கோணம் எந்த முனையில் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கைடு எழுதியவர் ஆ-வில் என்று எடுத்துக்கொண்டார், டியூஷனில் இ-யில் என்று எடுத்துக்கொண்டார்கள், உங்கள் பெண் அ-வில் என்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் அடிப்படை. சாய்வு என்பது ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுப்பது. இரண்டு கோடுகள் செங்குத்து என்றால் சாய்வுகளின் பெருக்கற்பலன் −1. அதாவது ஒன்றின் சாய்வு தெரிந்தால், தலைகீழாக்கிக் குறியை மாற்றினால் மற்றது. 1/2 என்றால் −2. பிள்ளைகள் இதில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிடுவார்கள். −1/2 என்று எழுதுவார்கள், இல்லையென்றால் வெறும் 2.

கேள்வி ஒழுங்காக இருந்தால் இது இரண்டு வரி வேலை. உதாரணமாக, (−3, 4), (5, 8) வழியே போகும் கோடும் (1, 7), (க, −5) வழியே போகும் கோடும் செங்குத்து என்று சொன்னால், முதல் சாய்வு 4/8 = 1/2. ஆகவே இரண்டாவது −2. −12/(க − 1) = −2, எனவே க − 1 = 6, க = 7. ஒரே விடை, சண்டைக்கே இடமில்லை.

உங்கள் கணக்கில் அஆ-வின் சாய்வு (4 − 2)/(5 − 1) = 1/2.

ஆ-வில் செங்கோணம் என்றால் ஆஇ-யின் சாய்வு −2. 1/(க − 5) = −2. க = 4.5.

அ-வில் என்றால் அஇ-யின் சாய்வு −2. 3/(க − 1) = −2. க = −0.5.

இ-யில் என்றால் அஆ-வின் சாய்வைத் தொடவே கூடாது. அது கர்ணம். அஇ, ஆஇ இரண்டும்தான் செங்குத்து, இரண்டிலும் க இருக்கிறது. 3/(க − 1) × 1/(க − 5) = −1. எனவே (க − 1)(க − 5) = −3, விரித்தால் க² − 6க + 8 = 0. க = 2 அல்லது 4.


பத்தாப்பு பரணி | ஞாயிறு, இரவு 9.31

சார், இ-யில் மட்டும் ஏன் இரண்டு விடை? மற்ற இரண்டு முனையிலும் ஒன்றுதானே வந்தது.


சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9.48

தம்பி, சமன்பாட்டை விட்டுவிட்டுப் படம் போடு. அ, ஆ இரண்டும் அசையாத புள்ளிகள். இ-யின் உயரம் 5 என்று தெரியும், எனவே இ எங்கே இருந்தாலும் உயரம் 5-இல் ஓடும் கிடைக்கோட்டின் மேல்தான் இருக்கும். அந்தக் கோட்டில் எந்த இடம் என்பதுதான் கேள்வி.

அ-வில் செங்கோணம் வேண்டுமென்றால் அ வழியாக அஆ-வுக்கு ஒரு செங்குத்து வரை. கிடைக்கோட்டை அது ஒரே இடத்தில் வெட்டும். ஆ வழியாக வரைந்தாலும் அப்படித்தான். ஆனால் இ-யிலேயே செங்கோணம் வேண்டும் என்றால், அஆ-வை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் மேல் இ இருக்க வேண்டும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். தேலஸ் பெயரில் சொல்வார்கள், யூக்ளிட்டின் 3ஆம் புத்தகத்தில் 31ஆவது கூற்றும் இதைத்தான் சொல்கிறது. கோடு ஒன்று வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டலாம், தொட்டுவிட்டுப் போகலாம், தொடாமலும் போகலாம்.

மையம் அஆ-வின் நடுப்புள்ளி (3, 3). ஆரம் √5, அதாவது சுமார் 2.24. உயரம் 5 வட்டத்துக்குள் வருகிறது, எனவே இரண்டு வெட்டு. இ-யின் உயரத்தை 8 என்று மாற்றிப் பார். வட்டம் எட்டாது. சமன்பாடு க² − 6க + 29 = 0 ஆகும், தன்மைக்காட்டி 36 − 116, குறை எண். அப்போது மொத்தமே இரண்டு விடை: ஆ-வில் செங்கோணம் என்றால் 3, அ-வில் என்றால் −2.


சிவப்பு மை | ஞாயிறு, இரவு 10.05

படம் எல்லாம் அழகுதான். பரீட்சை அறையில் பிள்ளை என்ன எழுத வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

"ஆ-வில் செங்கோணம்" என்று கேள்வியில் இருந்தால் 4.5 மட்டும் எழுத வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் மூன்று வழக்கையும் எழுத வேண்டும். கைடில் ஒரு விடைதான் இருக்கிறது என்று அதோடு நிறுத்துவது சோம்பேறித்தனம். பிள்ளைகள் கைடைப் பார்த்து, முக்கோணம் அஆஇ என்று எழுதியிருந்தால் நடு எழுத்தில்தான் செங்கோணம் என்று ஒரு விதியே கற்பித்துக்கொள்கிறார்கள். கோணம் அஆஇ என்றால்தான் முனை ஆ. முக்கோணம் அஆஇ என்றால் எதுவும் சொன்னதாக ஆகாது.


மதுரைமல்லி | ஞாயிறு, இரவு 10.12

மூன்று வழக்கும் எழுத நேரம் இருக்குமா? இப்போதே கடைசிப் பத்து நிமிடத்தில் வரைபடக் கணக்கைக் கிறுக்கிவிட்டு வருகிறாள்.


சிவப்பு மை | ஞாயிறு, இரவு 10.20

பொதுத்தேர்வில் இப்படி மொட்டையாகக் கேட்பது அபூர்வம். முனையைச் சொல்லிவிடுவார்கள், அல்லது எந்தக் கோட்டுக்கு எந்தக் கோடு செங்குத்து என்று சொல்லிவிடுவார்கள். கேள்வியைப் படித்ததும் செங்கோண முனை எது என்று விடைத்தாளின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் கர்ணத்தின் சாய்வையும் ஒரு பக்கத்தின் சாய்வையும் பெருக்கி −1 என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரி எழுதினால் அது நடக்காது.


பத்தாப்பு பரணி | திங்கள், மாலை 5.40

எங்கள் வகுப்புத் தேர்வில் இன்றைக்கு இதே மாதிரி ஒன்று வந்தது. சாக்பீஸ் சாருக்குக் காட்டுவதற்காக இங்கே உள்ள எண்களையே வைத்துக்கொள்கிறேன். இ-யின் உயரம் 5-க்குப் பதில் 4. அதாவது அ(1, 2), ஆ(5, 4), இ(க, 4). செங்கோணம் இ-யில் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

அஇ சாய்வு 2/(க − 1). ஆஇ சாய்வு 0/(க − 5). பெருக்கினால் 0. அது −1-க்குச் சமமாகவே ஆகாது. எனவே விடை இல்லை என்று எழுதலாமா? பக்கத்து பெஞ்சில் 1 என்று எழுதியிருக்கிறான்.


அரைப்புள்ளி | திங்கள், மாலை 6.02

1 சரி. இ(1, 4) என்று குறித்துப் பாருங்கள். அ-வுக்கு நேர் மேலே இருக்கிறது, ஆ-வுக்கு நேர் இடப்பக்கம் இருக்கிறது. ஒரு கோடு நெட்டுக்குத்து, ஒன்று கிடை. இதைவிடச் சுத்தமான செங்கோணம் எங்கே கிடைக்கும்?

சாய்வு முறை ஏன் இதைப் பிடிக்கவில்லை என்றால், க = 1 என்ற இடத்தில் 2/(க − 1) என்ற சாய்வே கிடையாது. பூஜ்ஜியத்தால் வகுத்தல். 2/(க − 1) என்று எழுதிய அந்த நொடியிலேயே "க ஒன்று இல்லை" என்று சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம். விடை அந்த 1-ஆகவே இருந்தால் கணக்கு அதைக் காட்டாது.


சாக்பீஸ் | திங்கள், மாலை 6.30

பாடநூலில் விதிக்கு முன்னால் "நிலைக்குத்து அல்லாத கோடுகள்" என்று ஒரு நிபந்தனை நிற்கும். வகுப்பில் அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை, நேராக −1-க்குப் போய்விடுவோம். செங்குத்து என்றால் பெருக்கற்பலன் −1 என்பது அந்த நிபந்தனை இருக்கும் வரைதான். ஒரு கோடு ஒய் அச்சுக்கு இணையாக நின்றால் அதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை. அதற்குச் செங்குத்தானது எக்ஸ் அச்சுக்கு இணை, சாய்வு 0. அங்கே பெருக்குவதற்கே ஒன்றுமில்லை.

பரணி, சாய்வு 0 என்று வந்ததும் நீ நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆஇ கிடைக்கோடு என்று தெரிந்துவிட்டது. அதற்குச் செங்குத்தாக அஇ நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அப்படியானால் இ-க்கும் அ-வுக்கும் எக்ஸ் மதிப்பு ஒன்றே. க = 1. முடிந்தது.


அரைப்புள்ளி | திங்கள், மாலை 6.55

நான் வேலையில் சாய்வைத் தொடுவதே இல்லை. வரைபட மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறேன். இரண்டு கோடுகள் செங்குத்தா என்று பார்க்க வகுத்தல் இல்லாத வழி ஒன்று உண்டு, அதுதான் எல்லோரும் பயன்படுத்துவது.

செங்கோண முனையிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ் திசையில் எவ்வளவு நகர்கிறோம், ஒய் திசையில் எவ்வளவு நகர்கிறோம் என்று எழுதுங்கள். எக்ஸ் நகர்வுகள் இரண்டையும் பெருக்குங்கள். ஒய் நகர்வுகள் இரண்டையும் பெருக்குங்கள். கூட்டினால் 0 வர வேண்டும். அவ்வளவுதான்.

பரணியின் கணக்கில் இ-யிலிருந்து அ-வுக்கு (1 − க, −2). இ-யிலிருந்து ஆ-வுக்கு (5 − க, 0). எனவே (1 − க)(5 − க) + (−2)(0) = 0. க = 1 அல்லது 5. இதில் 5 போட்டால் இ போய் ஆ-வின் மேலேயே உட்கார்ந்துவிடும், முக்கோணமே இல்லை. தள்ளிவிடலாம். மிச்சம் 1.

இது வேறு விதி இல்லை. சாய்வு விதியில் ஒய்களின் பெருக்கலை எக்ஸ்களின் பெருக்கலால் வகுத்தால் −1 என்கிறோம். பகுதியை மறுபக்கம் கொண்டுபோய்விட்டால் இதேதான். வகுக்காததால் எதுவும் தொலைவதில்லை.


சிவப்பு மை | திங்கள், இரவு 7.20

பதினொன்றில் வெக்டர் வரும்போது இதைப் புள்ளிப் பெருக்கல் என்று படிப்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கிருந்தோ கொண்டுவந்து எழுதினால், "இது எப்படி வந்தது?" என்று திருத்துகிறவர் கேட்கத்தானே செய்வார்?


அரைப்புள்ளி | திங்கள், இரவு 7.41

பிதாகரஸிலிருந்து வந்தது என்று எழுதட்டும், அது பாடத்தில் இருக்கிறதே. முதல் கணக்கையே எடுங்கள், இ(க, 5), செங்கோணம் இ-யில். அஇ² + ஆஇ² = அஆ².

(க − 1)² + 9 + (க − 5)² + 1 = 20
2க² − 12க + 36 = 20
க² − 6க + 8 = 0

அதே 2, 4. தொலைவு வாய்பாட்டில் வகுத்தல் கிடையாது, எனவே நெட்டுக்குத்துக் கோடு வந்தாலும் பயமில்லை. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நகர்வுகளைப் பெருக்கிக் கூட்டும் வழி என்பது இதை விரித்து, இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதை எல்லாம் அடித்துவிட்டு, மிஞ்சுவதை எழுதுவது.


சிவப்பு மை | திங்கள், இரவு 7.55

பிதாகரஸ் என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இந்த நீளம்தான் வினை. வர்க்கத்தை விரிக்கும்போது 2க-வுக்கும் 10க-வுக்கும் குறி மாற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று விடைத்தாள் கட்டைப் பிரித்தால் தெரியும். சாய்வில் செய்தால் மூன்று வரி. என் கட்சி: சாய்வில் செய், நெட்டுக்குத்து வருமா என்று மட்டும் தனியாக ஒரு பார்வை பார். இரண்டு எக்ஸ் மதிப்புகள் சமமாக வாய்ப்பு உண்டா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?


பனங்கூடல் | திங்கள், இரவு 9.10

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தேன், இப்ப தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் −1, −1 என்கிறீர்கள், அந்த −1 ஏன் வருகிறது என்று ஒருவரும் எழுதவில்லையே. பிள்ளைகளுக்கு அது தெரிந்தால் விதியைப் பாடமாக்கத் தேவையில்லை.

உற்பத்திப் புள்ளி (0, 0) ஊடாகப் போகும் இரண்டு கோடுகளை எடுங்கள். ஒன்றின் படித்திறன் (நீங்கள் சாய்வு என்பது) ச, மற்றதன் படித்திறன் த. எக்ஸ் = 1 என்ற நிலைக்குத்துக் கோட்டை அவை எங்கே வெட்டும்? (1, ச), (1, த) ஆகிய ஆள்கூறுகளில். இப்போது உற்பத்தியையும் இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் ஒரு முக்கோணி. உற்பத்தியில் செங்கோணம் என்றால் பைதகரசின் தேற்றம் சொல்வது:

(1 + ச²) + (1 + த²) = (ச − த)²

வலப்பக்கத்தை விரித்தால் ச² + த² − 2சத. இரண்டு பக்கமும் ச², த² போய்விடும். மிச்சம் 2 = −2சத. அதாவது சத = −1.

திருப்பியும் போகலாம், −1 என்றால் பைதகரஸ் உண்மையாகும், எனவே செங்கோணம். கோடுகள் உற்பத்தியூடாகப் போகாவிட்டால் இணையாக நகர்த்திக்கொள்ளலாம், படித்திறன் மாறாது. நிலைக்குத்துக் கோட்டுக்கு ஏன் இந்த விதி இல்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அது எக்ஸ் = 1 என்ற கோட்டை வெட்டவே வெட்டாது.


சாக்பீஸ் | திங்கள், இரவு 9.26

நல்ல நிறுவல். வகுப்பில் நான் செய்வது வேறு: கட்டம் போட்ட தாளில் 4 கட்டம் வலது, 2 கட்டம் மேல் என்று ஒரு கோடு போடச் சொல்வேன். அப்புறம் தாளை இடப்பக்கமாக 90 பாகை திருப்பச் சொல்வேன். வலது போனது மேலே போகிறது, மேலே போனது இடது போகிறது. 4 மேல், 2 இடது. சாய்வு 2/4-ஆக இருந்தது 4/(−2) ஆகிவிட்டது. தலைகீழானதும் குறி மாறியதும் ஒரே திருப்பலில் கண்ணுக்குத் தெரியும். நிறுவலுக்கு உங்களுடையதுதான்.


மதுரைமல்லி | செவ்வாய், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. மகள் இங்கே எழுதியதை எல்லாம் படித்துவிட்டு வரைபடத்தாளில் குறித்துப் பார்க்க உட்கார்ந்தாள். அங்கே புதுப் பிரச்சினை. க = 2 போட்டு இ(2, 5) குறித்தாள். பாகைமானி வைத்தால் இ-யில் 90 வரவில்லை, 114 பக்கம் காட்டுகிறது. மூன்று முறை வரைந்துவிட்டாள். விடை தப்பா, வரைந்தது தப்பா?


பனங்கூடல் | செவ்வாய், இரவு 8.34

அக்கா, அளவுத்திட்டம் என்ன எடுத்தா? இரண்டு அச்சிலும் ஒரே அளவா?


மதுரைமல்லி | செவ்வாய், இரவு 8.39

எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு. ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு. இடம் பத்தாது என்று அப்படி எடுத்தாளாம்.


சாக்பீஸ் | செவ்வாய், இரவு 8.58

அதுதான் விஷயம். விடையும் சரி, வரைந்ததும் சரி. அளவுத்திட்டம்தான் கோணத்தைக் கெடுத்துவிட்டது.

அஇ சாய்வு 3, ஆஇ சாய்வு −1/3. பெருக்கினால் −1. ஆனால் ஒய் அச்சைப் பாதியாகச் சுருக்கியதால் தாளில் இருப்பது 3/2-உம் −1/6-உம். பெருக்கினால் −1/4. அந்தக் கோணத்தை அளந்தால் கிட்டத்தட்ட 114 பாகைதான் வரும், உங்கள் பெண் மிகச் சரியாகவே அளந்திருக்கிறாள். கோணம் பார்க்க வேண்டிய படத்துக்கு இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் வேண்டும். வரைபடப் பாடத்தில் வரும் நேர்மாறல், எதிர்மாறல் கணக்குகளுக்கு வேறு வேறு அளவு எடுப்பது பழகிப்போனதால் இங்கேயும் கை அப்படியே போகிறது.

கணினி இருந்தால் ஜியோஜீப்ராவில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இலவசம்தான். இ-யை உயரம் 5 கோட்டில் இழுத்துக்கொண்டே போனால் கோணங்கள் மாறுவது தெரியும். அதிலும் அச்சுகளின் விகிதம் 1:1 என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.


ரசமட்டம் | செவ்வாய், இரவு 10.22

நான் கட்டட வேலை, சைட் இன்ஜினியர். இந்தக் கணக்கைப் படிக்கும்போது எங்கே பயன்படப்போகிறது என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது மனை பிரிக்கும்போது தினமும் இதுதான்.

ஒரு உதாரணம் தருகிறேன், எண்களைச் சுலபமாக வைத்திருக்கிறேன். ரோட்டுப் பக்கம் இரண்டு முளை அடித்திருக்கிறோம்: (100, 50), (115, 58). முதல் எண் ஈஸ்டிங் (கிழக்கே எவ்வளவு தூரம்), இரண்டாவது நார்த்திங் (வடக்கே எவ்வளவு தூரம்), மீட்டரில். பின்பக்கம் ஏற்கெனவே கட்டிய காம்பவுண்டு சுவர் ஒன்று நேர் கிழக்கு மேற்காக, நார்த்திங் 88-இல் ஓடுகிறது. இரண்டாவது முளையிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தாகக் கோடு போனால் அந்தச் சுவரை எங்கே தொடும்?

முன்பக்கச் சாய்வு 8/15. செங்குத்து −15/8. (88 − 58)/(க − 115) = −15/8. க − 115 = −16. க = 99. பின் முளை (99, 88). இப்போது டேப் போட்டுச் சரிபார்க்கலாம். முன்பக்கம் 17 மீட்டர், பக்கவாட்டு 34 மீட்டர், குறுக்கு, அதாவது முதல் முளையிலிருந்து பின் முளைக்கு, 38.01 மீட்டர். டேப்பில் இந்தக் குறுக்கு வராவிட்டால் ஏதோ ஒரு முளை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொத்தனார் மூலைமட்டம் வைத்தும், 3-4-5 அளந்தும் பார்ப்பது இதைத்தான். ஆனால் மூலைமட்டம் சின்னது, 34 மீட்டர் தூரத்துக்கு அதை நம்பிக் கோடு இழுக்க முடியாது. மூலையில் அரை பாகை பிசகினால் அந்தத் தூரத்தில் முளை ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளிப் போய்விடும்.

பரணி சொன்ன தொல்லை எங்களுக்கு நிறைய வரும். ரோடு சரியாக வடக்கு தெற்காகப் போனால் இரண்டு முளைக்கும் ஈஸ்டிங் ஒன்றுதான். பையன்கள் கால்குலேட்டரில் சாய்வைப் போட்டு எரர் வந்ததும் கருவி கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிடுவார்கள். அரைப்புள்ளி சொன்ன பெருக்கிக் கூட்டும் முறையில் ஷீட் போட்டு வைத்தபின் அந்தப் போன் வருவதில்லை.


அரைப்புள்ளி | செவ்வாய், இரவு 10.40

சரியாக வடக்கு தெற்கு என்றால் எரராவது வரும், தெரிந்துவிடும். கிட்டத்தட்ட வடக்கு தெற்கு என்றால் இன்னும் மோசம். இரண்டு முளையின் ஈஸ்டிங் வித்தியாசம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அளவீட்டுப் பிழையே அவ்வளவு இருக்கும். அதனால் வகுத்தால் சாய்வு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும், குறிகூட மாறலாம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் எதுவும் புரிந்துகொள்ள முடியாது. பெருக்கிக் கூட்டினால் 2 மில்லிமீட்டர் பிழை 2 மில்லிமீட்டருக்கு உண்டான பாதிப்பைத்தான் தரும்.


சிவப்பு மை | புதன், காலை 6.50

சைட்டுக்கு அது சரி. பரீட்சையில் எண்கள் முழு எண்கள், மில்லிமீட்டர் பிழை இல்லை. சாய்வுதான் என் கட்சி, மாறவில்லை.

பரணிக்கு ஒரு குட்டிக் கணக்கு. அதே அ(1, 2), ஆ(5, 4). இ(க, −1), அ-வுக்கும் ஆ-வுக்கும் சம தூரத்தில் இருக்கிறது. க என்ன? தொலைவு வாய்பாடு போடாமல் செய்.


பத்தாப்பு பரணி | புதன், மாலை 5.15

சம தூரம் என்றால் இ மையக்குத்துக்கோட்டின் மேல் இருக்கும். நடுப்புள்ளி (3, 3). சாய்வு −2. (−1 − 3)/(க − 3) = −2. க − 3 = 2. க = 5. தூரம் பார்த்தேன், இரண்டு பக்கமும் 5 அலகு.


சிவப்பு மை | புதன், மாலை 5.32

சரி. வாய்பாடு போட்டிருந்தால் இரண்டு வர்க்கம் விரிக்க வேண்டியிருந்திருக்கும். நான் சொன்னது இதைத்தான்.


சாக்பீஸ் | புதன், இரவு 7.05

அப்படியானால் நானும் ஒன்று கொடுக்கிறேன், மல்லியின் மகளுக்கும் சேர்த்து. அதே அ, ஆ. இ(க, 2). முனை சொல்ல மாட்டேன். செங்கோண முக்கோணமாக வேண்டும், எல்லா விடையும் வேண்டும், ஒவ்வொரு விடைக்கும் செங்கோணம் எங்கே என்றும் எழுத வேண்டும்.


மதுரைமல்லி | புதன், இரவு 8.44

மகள் சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்.

அ-வில் செங்கோணம்: அஇ கிடைக்கோடு, ஏனென்றால் அ-வும் இ-யும் உயரம் 2. அஆ சாய்வு 1/2. கிடைக்கோட்டுக்குச் செங்குத்து நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும், அஆ அப்படி இல்லை. விடை இல்லை.

ஆ-வில்: −2/(க − 5) = −2. க = 6.

இ-யில்: அஇ கிடை, எனவே ஆஇ நெட்டுக்குத்து. க = 5. இதைச் சாய்வால் செய்ய முடியாது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பெருக்கிக் கூட்டிப் பார்த்தால் 1-உம் வந்ததாம், ஆனால் (1, 2) என்றால் அது அ-வேதான், அதனால் அடித்துவிட்டாள்.

விடை 5, 6.


சாக்பீஸ் | புதன், இரவு 8.57

முழு மதிப்பெண். "விடை இல்லை" என்ற முதல் வழக்குக்கும் காரணம் எழுதியிருக்கிறாள் பாருங்கள், அதை விடைத்தாளிலும் எழுதச் சொல்லுங்கள். க = 5-க்கு மட்டும் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: "ஆஇ ஒய் அச்சுக்கு இணை, அஇ எக்ஸ் அச்சுக்கு இணை, எனவே செங்குத்து." சாய்வு வரையறுக்கப்படவில்லை என்பதோடு நிறுத்தினால் செங்குத்து என்று நிறுவியதாக ஆகாது.


சிவப்பு மை | புதன், இரவு 9.03

அந்த வரி இல்லாவிட்டால் நான் ஒரு மதிப்பெண் குறைப்பேன்.